ஏழு வயசுக் கையெழுத்து

கார் வாங்க வந்தவர் அந்தக் கடிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்தார்.

பட்டறை முதலாளி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால், காரின் பின்சீட்டைத் தூக்கிப் பிடித்தபடி சொட்டை. தகட்டில் விழுந்த சொட்டையைத் தட்டி எடுக்கிற வேலை, அதனால் வந்த பெயர், தலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பார். யாரும் நம்பியதில்லை.

சீட்டுக்கு அடியில் துரு இல்லை என்று காட்டத் தூக்கினார்கள். கடிதம் இருந்தது, சொட்டை எடுத்துக் கொடுத்தார். அப்படித்தான் நடக்க வேண்டும் என்று காலையில் இரண்டு தடவை ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

அந்தப் பழைய பச்சைக் கார் பதினாலு மாதமாக அங்கேயே நிற்கிறது.

முன்பெல்லாம் வட்ட ஹெட்லைட்டைக் கண்டாலே ஓடி வந்து விழுவார்கள். ஓட்டுவதற்கு இல்லை. வாங்கி, துணி போட்டு மூடி வைத்து, இன்னொருத்தன் தலையில் கட்டுவதற்கு. இப்போது கட்டுகிறவன் மட்டும்தான் இருக்கிறான். தலையைக் காணோம்.

சின்ன வயசில் பஸ் ஜன்னல் வழியாக இந்தக் காரைப் பார்த்து ஏங்கியவர்கள், கையில் காசு வந்ததும் வாங்கினார்கள். இப்போது அவர்களுக்கு முழங்கால் வலி, கிளட்சை மிதிக்க முடியவில்லை. அவர்கள் பிள்ளைகள் ஏங்கியது வேறு காருக்கு.

"மார்க்கெட் படுத்திடுச்சுன்னு சொல்லாதீங்கப்பா, மூச்சு வாங்குதுன்னு சொல்லுங்க" என்று முதலாளி ஒரு வருஷம் ஓட்டினார். போன வாரம் அவருக்கே மூச்சு வாங்கியது. இந்த மாதம் இது போகவில்லை என்றால் பட்டறையைச் சாத்துவதாகச் சொல்லிவிட்டார்.

சொட்டைக்கு ஐம்பத்தெட்டு. இந்த வயசில் சுத்தியலோடு போய் நின்றால் எந்தப் பட்டறையும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைக்கும்.

இரும்புக்கு விலை போயாச்சு, இனிமேல் கதைக்குத்தான் என்று முதலாளி கண்டுபிடித்தது அதற்கு அப்புறம்தான். காரை விற்காதே என்று ஒரு பிள்ளை அப்பாவுக்கு எழுதிய கடிதம். யார் எழுதுவது? முதலாளியின் எழுத்து மருந்துச்சீட்டு. அவர் மகள் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும்.

காகிதம் சொட்டையின் கைக்கு வந்தது.

அவர் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே ஐம்பத்தைந்து வயசில், மருமகளிடம், அவள் காய் நறுக்குகிற மேசை ஓரத்தில். இரண்டு வரிக்கு அரைமணி நேரம் ஆனது. 'அப்பா நம்ம வண்டிய விக்காதிங்க. நான் நல்லா படிக்கிறேன்.' வண்டியில் வருகிற ண-வுக்கு மூன்று சுழி போதாதென்று நாலு போட்டிருந்தார்.

"சுத்தமா ஏழு வயசு, அண்ணே" என்று முதலாளி முதுகில் தட்டினார்.

பாராட்டா என்று சொட்டைக்குப் பிடிபடவில்லை. சிரித்து வைத்தார்.

காகிதத்தை டீத்தண்ணியில் முக்கி, பானட்டின் மேல் காயப்போட்டார்கள். நாற்பது வருஷம் ஒரே மத்தியானத்தில் ஏறிவிட்டது.

வந்ததிலிருந்து போனைத் தட்டித் தட்டி, போன மாத ஏலத்தில் எந்தக் கார் எவ்வளவு இறங்கியது என்று படித்துக் காட்டிக்கொண்டிருந்தவர், கடிதத்தை மூன்றாவது தடவை படித்து முடித்ததும் போனைப் பைக்குள் போட்டார். கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

முதலாளி திரும்பி சொட்டையைப் பார்த்துக் கண்ணடிக்கப் போனார்.

"இது நான் எழுதினது."

கண்ணடிப்பு பாதியில் நின்றது.

"எனக்கு ஏழு வயசு. அழுது பொரண்டேன். அப்பா கேக்கல, வித்துட்டார்." பச்சைத் தகட்டைத் தடவினார். தடவிய இடம் போன மாதம் சொட்டை புதிதாக ஒட்ட வைத்தது. "என் வண்டிய எனக்கே விக்கிறீங்க. கொஞ்சம் பாத்துப் போடுங்க."

பொய் சொல்கிறாரா, நிஜமாகவே நம்பிவிட்டாரா என்று சொட்டைக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் அசல்.

முதலாளி வாயைத் திறந்தார். என்ன சொல்வது? எழுதினவன் பின்னால் நிற்கிறான் என்றா? மூடிக்கொண்டார். கதைக்காக ஏற்றி வைத்திருந்த விலையைக் கதையே பிடித்துக் கீழே இழுத்தது. போனில் காட்டிய விலைக்கும் கீழே போய் நின்றது.

பரவாயில்லை. கார் போனது. பட்டறை இருக்கும்.

பானட்டின் மேலேயே விற்பனைப் பத்திரத்தை விரித்தார்கள். சாட்சிக்குப் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடத் திரும்பினார் முதலாளி.

"எதுக்குங்க? லெட்டரை எடுத்துக் குடுத்தாரே பெரியவர், அவரே போடட்டும்" என்றார் வாங்குகிறவர்.

சொட்டை கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார். மூன்று வருஷமாக, கிழித்துப் போட்ட காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் போட்டுப் போட்டுப் பழகிய கையெழுத்து. ஒரு பத்திரத்தில் போடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. இன்றைக்குத்தான் கேட்டார்கள். கடைசி எழுத்துக்கு ஒரு வால் இழுப்பது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தார்.

பேனா முனை தாளைத் தொடுவதற்குள் முதலாளியின் கண் வாங்குகிறவர் கையிலிருந்த கடிதத்தின் மேல் போனது, பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"அவருக்கு எழுத வராது சார். கைநாட்டுதான்."

மைப்பெட்டி வந்தது. மூடியைத் திறந்து கொடுத்ததும் முதலாளிதான். சொட்டையின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை.

வாங்கியவருக்கு மனசு இளகிப்போயிருந்தது. சொட்டையின் தோளில் கை வைத்தார். "கத்துக்கறதுக்கு வயசு ஏதுங்க பெரியவரே? இதப் பாருங்க, ஏழு வயசுலயே நான் எப்படி எழுதியிருக்கேன்னு."

கடிதத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

சொட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரை, எழுத்துக் கூட்டாமல் படித்தார். பிறகு பெருவிரலை மையில் ஒற்றி, தாளில் வைத்து அழுத்தினார்.

"நல்ல கையெழுத்துங்க சார்" என்றார்.