கூடம் தமிழ்நாடு, சமையலறை கர்நாடகம்

கற்பூரத்தில் அடித்துச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.

எங்கள் எம்.எல்.ஏ. நல்லுசாமியின் வீட்டுக்குள்ளேயே மாநில எல்லை ஓடியது. தரையில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு. இந்தப் பக்கம் கூடம், அது தமிழ்நாடு. அந்தப் பக்கம் சமையலறை, அது கர்நாடகம்.

சூளகிரியில் கம்பெனி தொடங்க வந்தவர்களிடம் அவர் கமிஷன் வாங்கினார். ஜல்லி லாரிகளை எல்லை தாண்டிவிட அந்தப் பக்கமும் வாங்கினார். நம் போலீஸ் பிடிக்க வந்தால் சமையலறைக்குப் போய்த் தோசை சாப்பிடுவார். கர்நாடக போலீஸ் வந்தால் கூடத்துக்கு வந்து டிவி பார்ப்பார். வந்தவர்கள் கோட்டருகே நின்று சல்யூட் வைத்துவிட்டுத் திரும்புவார்கள். இப்படியே இரண்டு தேர்தல் ஜெயித்தார்.

ஒருநாள் இரண்டு போலீஸும் ஒன்றாக வந்துவிட்டன. நல்லுசாமி சரியாகக் கோட்டின் மேல் ஏறி நின்றுகொண்டார்.

"நீங்களே கூட்டிட்டுப் போயிருங்க சார்," என்றார் நம் இன்ஸ்பெக்டர்.

"பேடா, வேண்டாம் சார், உங்க எம்.எல்.ஏ. உங்களுக்கே இருக்கட்டும்," என்றார் கர்நாடக இன்ஸ்பெக்டர்.

மத்தியானம் வரை இதே பேச்சு. சமையலறையிலிருந்து மனைவி வீரலட்சுமி கரண்டியோடு வந்தார்.

"ஏங்க, வழியில நந்தி மாதிரி நின்னா இவங்களுக்கு நான் எப்படிங்க சோறு கொண்டாறது? தள்ளுங்க!"

முதுகில் ஒரே தள்ளு. நல்லுசாமி தமிழ்நாட்டில் விழுந்தார். விலங்கு ஏறியது, பதவி போனது.

சந்தேகம் இருந்தால் போய்ப் பாருங்கள். வீடு மூக்கண்டப்பள்ளியில்தான் சீல் வைத்தபடி இருக்கிறது. அங்கிருந்து கர்நாடக எல்லைக்குப் பஸ் ஏறித்தான் போக வேண்டும்.