மருந்து முடியட்டும்

"சீ!" என்று முகத்தைச் சுளித்தார் மஹ்ரூப் ஹாஜியார். கெண்டைக்காலில் நான்கு பல் பதிந்த புண் ஆறிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் அந்த ஈர வாய் இன்னும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருப்பது போல அவருக்குக் குமட்டியது.

ஐந்து நாளைக்கு முன்னால், கெலிஓயாவில் தன் துணிக்கடையைத் திறக்கப் புறப்பட்டவரை, பக்கத்து வீட்டு டொரதி டீச்சரின் கேட்டடியில் நாய் பாய்ந்து கடித்தது. மார்க்க முறைப்படி ஏழு தடவை கழுவினார், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால். மனைவி ருஷ்தா விடாமல் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்தாள். உடுத்திருந்த சாரத்தை எரித்த பிறகும் அவருக்கு மனம் ஆறவில்லை.

நாய் எதிரில் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர் அவர். டீச்சரின் நாய் சுபஹுத் தொழுகை நேரத்தில் குரைக்கிறதென்று போன நோன்பில் மதிலுக்கு மேலால் ஒரு சத்தம் போட்டார். அதற்குப் பிறகு ஒரு குரைப்புக்கூட இல்லை. தன் அதட்டலுக்கு நாயும் அடங்கும் என்று கடையில் பெருமையடித்துக்கொண்டார். அந்த வீட்டோடு பேச்சு வைக்கக்கூடாதென்று ருஷ்தாவுக்கும் கட்டளை.

"இந்தாங்க, அன்டிபயட்டிக்." ருஷ்தா கப்சூலையும் தண்ணீரையும் நீட்டினாள். "அப்பிடியே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியையும் போட்டுட்டு வாங்களே. அஞ்சு நாளாகுது."

"மருந்து முடியட்டும். ரெண்டும் ஒண்டா ஒடம்புக்குள்ள போனா அடிச்சுக்கொள்ளும்."

"டொக்டர் சென்னது காதுல விழல்லியா? இத குடிச்சுக்கொண்டே ஊசி போடலாம், ஒண்டுக்கொண்டு தடையில்லயெண்டாரே. கப்சூல் புண்ணுக்கு மட்டும்தான். நாய் விசருக்கு அது கேக்காதாம்."

"ஊட்டு நாய்க்கு எங்கால விசர்? டீச்சர் வருஷா வருஷம் அதுக்கு ஊசி போடுறது எல்லாருக்கும் தெரியும். டொக்டர்கிட்டயும் அதத்தானே சென்னேன்."

அது பாதிக் காரணம்தான். நாய் கடித்தவர்களின் வரிசையில், கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் படும்படி நிற்பதை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது.

"நாய்க்கு ஊசி போட்ட கார்டக் கொண்டு வாங்க, நாயையும் பதினாலு நாள் பாத்துக்கொள்ளுங்க, இல்லாட்டி ஒடனே ஊசி எண்டாரே. நீங்க பாத்தீங்களா?"

"அந்தச் சனியன ஆரு பாக்குற? சீ!"

ருஷ்தாவின் கண் கலங்கியது. "நாலு புள்ளைகளுக்கு வாப்பா நீங்க. விசர் வந்தா பொறகு மருந்தே இல்லயாம். எனக்கு நித்திரையே இல்ல. கார்டையாவது கண்ணுல காட்டுங்க."

அவள் அழுகைக்காகப் புறப்பட்டார். ஒரு கையால் சாரத்தைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு டீச்சரின் கேட்டைக் காலால் தட்டினார்.

"அடடே, உள்ள வாங்க நானா" என்றபடி டொரதி டீச்சர் வந்தார்.

"உள்ள வர ஏலா. ஒங்கட கேட்டடியில நாய் என்னக் கடிச்சிட்டு. ஊசி போட்ட கார்ட எடுங்க."

 டீச்சர் உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். ஒரு வருடமும் தவறாமல் முத்திரை விழுந்திருந்தது.

"பாத்தியா ருஷ்தா?" மதிலுக்கு அப்பால் நின்றவளைப் பார்த்து ஹாஜியார் வெற்றியோடு கத்தினார். "ஊசி போட்ட நாய்! சும்மா மனுசனப் பயங்காட்டுறாய்!"

டீச்சர் அவருடைய காலைப் பார்த்தார். "என்னைக்கு நானா கடிச்சிச்சு? நோன்புக்கு முன்னாடியா?"

"போன செவ்வாக்கெழம காலையில."

டீச்சரின் முகம் வெளிறிப் போனது.

"எங்க ஜிம்மி நோன்பு மாசத்துலயே செத்துப்போச்சுங்களே, நானா."