மெலிந்த கல்

முள்ளனைப் பிடித்து வந்தவர்கள் அவனை உயிரோடு விட்டது அவனுடைய கைகளுக்காக. ஓரத்தைத் தேய்த்து, மான்கொம்பால் தட்டி, செதில் செதிலாகப் பெயர்த்து ஈட்டிக்கான கல்முனையை மெலிதாக்க அவனைப் போல அங்கே ஆளில்லை. "இலை மாதிரி இருக்குய்யா" என்று வெயிலில் பிடித்துப் பார்த்து மகிழ்ந்தார்கள். அவ்வளவு மெலிந்த கல் எலும்பில் பட்டால் ஒடிந்துவிடும் என்று அவன் சொல்லவில்லை. தன் அண்ணனைக் கொன்றவர்கள் காட்டுப்பன்றியின் முன்னால் வெறுங்கழியோடு நிற்கட்டும் என்று பேசாமல் இருந்தான்.

வேட்டைக்கு முந்தைய நாள் மாலை, வழக்கமாக அவனுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பூவை ஓர் ஈட்டியோடு வந்தாள். அவளுக்கு நிறைமாதம்.

"இது என் புருஷனுக்கு. தாங்குமாண்ணே?"

அங்கே யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. முள்ளன் ஈட்டியை வாங்கி முனையைக் கழற்றி எறிந்துவிட்டு, தடித்த கல் ஒன்றை வைத்துக் கட்டத் தொடங்கினான்.

பூவை அவன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, பாறையில் சாய்த்து வைத்திருந்த மற்ற ஒன்பது ஈட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ அதெல்லாம்?"

அவன் குனிந்து நாரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அதுல ரெண்டு என் தம்பிங்களோடது."

முடிச்சை இறுக்கியபடியே, "அந்த ரெண்டையும் கொண்டா" என்றான்.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துபோனாள். யாரையும் கூப்பிடவில்லை. ஒன்பதையும் அள்ளிக்கொண்டு வந்து அவன் முன்னால் போட்டாள்.

"இருட்டுறதுக்குள்ள முடிச்சிருவீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.