வெளியே வைக்கிற மோடம்

“உள்ள மாட்டுறதா, வெளிய வைக்கிறதா?” என்று கேட்டார், பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கிங்ஸ்லி.

உள்ளே மாட்டுகிற மோடம்தான் மலிவு. மாமா புதிது வாங்கியதும் தன் தலையில் கட்டிய பழைய கம்ப்யூட்டருக்கு அது போதும் என்பது கணேஷ்ராமின் கணக்கு. வீட்டிலேயே இன்டர்நெட் வந்துவிட்டால், வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப பிரவுசிங் சென்டரில் காத்துக்கிடக்க வேண்டாம்.

அம்மா சொர்ணாம்பாளைச் சம்மதிக்க வைப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் அவளுடைய எரிச்சலையே பிடித்துக்கொண்டான்.

பின்வீட்டுத் தங்கத்தாய்க்குப் போன் கிடையாது. மும்பையில் இருக்கும் மகன் மாரிராஜ் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இவர்கள் வீட்டு நம்பருக்குத்தான் கூப்பிடுவான். “எங்க வீடு என்ன டெலிபோன் ஆபீஸா?” என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அம்மா போய் அவளைக் கூட்டி வருவாள்.

“யம்மா, நெட்டுல இருந்தா போன் எங்கேஜ்டு. ஒரு பய கூப்பிட முடியாது. ஒனக்கும் அலைச்சல் மிச்சம்” என்றான்.

அம்மா மோடம் வாங்கத் தானும் வருவதாகக் கிளம்பிவிட்டாள். பாவம் தங்கத்தாய் என்று இவனுக்கே ஒரு மாதிரி இருந்தது. அதற்காக மோடம் வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா?

உள்ளே மாட்டுவது பழைய மெஷினைத் திணறடிக்கும், வெளியே வைப்பதில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் விலை கூட என்றார் கிங்ஸ்லி.

அம்மா வெளியே வைக்கிற பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல சுவிட்ச் இருக்கா தம்பி? கம்ப்யூட்டர் தெரியாத ஆளும் அமத்திரலாமா?”

“தாராளமா அமத்தலாம்க்கா. நெட் கட்டாயிரும்.”

“அப்ப இதையே குடுங்க.”

கொத்தமல்லிக் கட்டுக்குக்கூடப் பேரம் பேசுகிறவள், மறுபேச்சில்லாமல் காசை எடுத்து நீட்டினாள். டெலிபோன் பில் ஏறாமல் காவல் காக்கத்தான் இந்த ஏற்பாடு என்று கணேஷ்ராம் மனசுக்குள் பொருமினான். கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பம் பாதி போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்து நின்ற அம்மா மோடத்தின் சுவிட்சை அமர்த்தினாள்.

“என்னம்மா செய்யுத நீ?” என்று இவன் எரிந்து விழுந்தான்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

“மாரிராஜா? வச்சிட்டு அஞ்சு நிமிசத்துல கூப்பிடு. ஒங்கம்மைய வரச் சொல்லுதேன்.”

கொல்லைச் சுவரோரம் போய், “ஏ தங்கத்தாயி, வா. எங்க வீடு என்ன டெலிபோன் ஆபீஸா?” என்று வழக்கமான பாட்டைப் பாடிவிட்டு வந்தாள்.

வந்ததும் நாற்காலி ஒன்றைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். தங்கத்தாய் வந்து உட்கார்ந்ததும் ஃபேனைப் போட்டாள். அப்புறம் மகன் பக்கம் குனிந்து, தங்கத்தாய்க்குக் கேட்டுவிடாதபடி பையச் சொன்னாள்:

“ஒன் இன்டர்நெட்டு எப்பவும் வரும்லே. அவளுக்கு மவன் இந்த ஒரு நேரந்தான வாரான்.”