இணைப்பு: ஒன்று

மூன்றே வரிகளில் பதில் முடிந்துவிட்டது.

'தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் குறிப்பிடும் புகார் எதுவும் எங்கள் அலுவலகத்தில் பெறப்படவில்லை. ஆகவே தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

கடிதப் பிரிவில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவளுக்கு இதெல்லாம் விரல் தானாகச் செய்கிற வேலை. 'வருத்தத்துடன்' என்பதைக்கூட விரல்தான் போட்டது.

அந்தக் கடிதத்தை எழுதியிருந்தவள் சரக்கு லிப்ட் ஓட்டியவரின் மனைவி. போன மாதம் அந்த லிப்ட் மூன்றாம் மாடியிலிருந்து அறுந்து விழுந்ததில் அவர் போய்விட்டார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியது, பணியாளரின் கவனக்குறைவு என்று விசாரணை அறிக்கை முடித்துவிட்டது.

மனைவி வேறெதுவும் கேட்கவில்லை. கவனக்குறைவு என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருந்தாள். லிப்ட் சரியில்லை என்று அவர் முன்கூட்டியே எழுதினார், அது இத்துடன் இருக்கிறது, படித்துப் பாருங்கள். அப்பாவைப் பற்றி அப்படி எழுதியிருப்பது மகளுக்கும் தெரிந்துவிட்டது. அவள் இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை.

மேலாளர் மேலோட்டமாகப் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"அப்படி ஒரு லெட்டரே வரலைன்னு எழுதிடுங்க. உள்வரவுப் புத்தகத்தை நானே புரட்டிப் பார்த்துட்டேன், இல்லை."

அவர் பொய் சொல்லவில்லை. புத்தகத்தில் இல்லைதான். அந்தப் புத்தகத்தை எழுதுவதே அவள்தான்.

தொழிற்கூடத்தில் அவளுக்குப் 'பொருளக்கா' என்று பெயர். விடுப்புக் கடிதமோ முன்பணக் கடிதமோ, எதை நீட்டினாலும் அவள் கண் முதலில் தேடுவது 'பொருள்' என்ற வரியைத்தான். மச்சினியின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்டு இரண்டு பக்கம் எழுதி வந்தவரிடம், மாப்பிள்ளை வீட்டு விவரத்தையெல்லாம் எடுத்துவிட்டு மூன்று வரியாகக் கொடுத்தாள். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால் அதிலும் பொருள் எங்கே என்பாள் என்று காண்டீனில் சிரிப்பார்கள். அவள் காதிலும் விழும். தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. பெரியவர்கள் மேசைக்குப் போகிற கடிதம் முதல் வரியிலேயே பேச வேண்டும், இல்லாவிட்டால் குப்பைக்கூடைதான் என்பது அவள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது.

பதிலை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு வழக்கம் உண்டு. வந்த கடிதத்தின் அடியில் 'இணைப்பு' என்று இருந்தால், இணைப்பு உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்துவிடுவாள்.

உறை இன்னும் கனத்தது. மேலாளர் அதற்குள் கை விடவே இல்லை.

நான்காக மடித்த கோடு போட்ட தாள். மடிப்பில் கிரீஸ் கறை.

'மேலாளர் ஐயாவுக்கு வணக்கம். நானும் என் குடும்பமும் நலம். தங்கள் நலமறிய ஆவல்.' சொந்தக்காரருக்கு எழுதுவதுபோல் தொடங்கியிருந்தார். மழை எப்போது விட்டது என்று எழுதியிருந்தார். லிப்ட் வாங்கிய வருடத்தை எழுதியிருந்தார். முட்டிவலிக்காரர் படியேறுவதுபோல் அது முனகுகிறது, மூன்றாம் மாடிக்கு வந்ததும் ஒரு ஜாண் கீழே இறங்கித்தான் நிற்கிறது என்பது பக்கத்தின் அடியில் வந்தது. கம்பிவடத்தில் இழை பிரிந்திருக்கிறது என்பதற்கு மறு தாளுக்குப் போக வேண்டியிருந்தது.

முதல் தாளின் தலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம்.

'பொருள் இல்லை. திருத்தி எழுதித் தரவும்.'

அவள் கையெழுத்து.

லிப்ட் விழுவதற்கு முந்தின நாள் அவர் இந்த மேசைக்கு எதிரில்தான் நின்றார். இவளைவிடப் பத்து வயதாவது மூத்தவர், இருந்தாலும் எல்லோரையும்போல அக்கா என்றுதான் கூப்பிடுவார். தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"ஒரு வரியில சொல்லத் தெரிஞ்சா நான் எதுக்குக்கா ரெண்டு தாள் எழுதறேன்?"

இவளும் சிரித்தாள். நிதானமாக யோசித்து எழுதிக் கொண்டுவரச் சொன்னாள். அவளுக்கு அப்போது சாப்பாட்டு நேரம். இரண்டாம் தாளை அவள் பார்க்கவில்லை. திருத்தத்துக்குத் திரும்பும் கடிதம் புத்தகத்தில் ஏறாது. அந்த விதியும் அவள் கொண்டுவந்ததுதான்.

உள்ளேயிருந்து மேலாளர் முடிந்ததா என்று கேட்டார்.

அவள் திரையிலிருந்த மூன்று வரிகளையும் அழித்தாள்.

'தங்கள் கணவரின் கடிதம் வந்தது. அதைப் படிக்காமல் திருப்பி அனுப்பியவள் நான். கவனக்குறைவு அவருடையது அல்ல, என்னுடையது.'

கீழே மேலாளரின் பெயர் வருகிற இடத்தில் தன் பெயரை அடித்தாள். அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டாள். உள்வரவுப் புத்தகத்தைத் திறந்து, இன்றைய தேதியில், அவருடைய கடிதத்துக்கு ஓர் எண் கொடுத்தாள். இனி அந்தக் கடிதம் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கோப்புக்கு ஒரு நகல் வேண்டும். முதல் தாளை நகல் இயந்திரத்தின் கண்ணாடியில் கவிழ்த்தபோதுதான் பின்பக்கம் தெரிந்தது.

அவர் எழுதிப் பார்த்திருக்கிறார்.

'பொருள்: லிப்ட்.' அடித்திருந்தார்.

'பொருள்: லிப்ட் சத்தம் போடுவது.' அடித்திருந்தார்.

'பொருள்: மூன்றாம் மாடி.' அதையும் அடித்திருந்தார். 'பொருள்: உயிர்' என்று தொடங்கிய வரி, பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அடிக்கப்பட்டிருந்தது.

கடைசி வரியில் மட்டும் கோடு விழவில்லை.

'பொருள்: நாளைக்கு அக்காவையே கேட்டு எழுத வேண்டும்.'