கரடிமுடியில் அறுபத்து மூன்று பேர்

பாறையின் அடியில் அவள் நின்றுவிட்டாள்.

வலிக்கும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

இன்னும் நாலு ஆள் உயரம்தான். அதற்கு மேல் கரடிமுடியின் உச்சி. அதற்கும் மேல் வானம் மட்டும்.

பாறையில் படி கிடையாது. கையையும் காலையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். முன்னால் போனவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். சோற்று அண்டாவைக்கூடக் கயிறு கட்டி இழுத்து மேலே சேர்த்துவிட்டார்கள்.

ஊரில் மொத்தமே நாற்பத்திரண்டு வீடுகள். இன்று வியாழக்கிழமை. காப்பித் தோட்டத்து வேலைக்கு யாரும் போகவில்லை. அவளோடு சேர்த்து அறுபத்து மூன்று பேர் மலையேறி வந்திருந்தார்கள்.

அவள் கணவர் அருளப்பன் போய் இன்றோடு ஒரு வருடம்.

மலைப்பாதையில் மினி பஸ் ஓட்டியவர். அன்று கடைசி ஆளும் இறங்கும்வரை பொறுத்திருந்தார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். வண்டியை அணைத்தார். அதன் பிறகுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

காலையில் நினைவுப் பூசை முடிந்ததும் வீட்டில் பந்தி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கோயில் வாசலில் நின்று அவள் ஒரே வார்த்தையில் மாற்றிவிட்டாள்.

"சாப்பாடு கரடிமுடியில."

சோற்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அருளப்பனின் கால் வீட்டில் தங்காது. ஆனால் தனியாகப் போகமாட்டார். தனியாக ஒரு டீகூடக் குடிக்காத மனிதர். பூசை முடிந்து வெளியே வருகிறவர்களைத் தோளில் கைபோட்டுக் கரடிமுடிக்கு இழுத்துக்கொண்டு போவார். புதிதாக வந்த வாத்தியார், மிளகு வாங்க வந்த வியாபாரி, வேலித் தகராறில் முகம் பார்க்காத மச்சான்கள் இருவர். இறங்கி வரும்போது மச்சான்கள் ஒரே பீடியைப் பங்கு போட்டுக்கொண்டு வருவார்கள்.

மகள் ரெஜினாவை மூன்று வயதில் தோளில் வைத்துத் தூக்கிப் போனார். அவளுக்குத் தலை பின்னிவிட்டதும் அவர்தான். கோணல் பின்னல். ரெஜினா அதை ஊர் முழுக்க ஆட்டிக்கொண்டு திரிவாள்.

"நீயும் வா சலேத்து" என்று மனைவியையும் கூப்பிடுவார். வாரம் தவறாமல்.

முதலில் கைக்குழந்தை இருந்தது. பிறகு படுத்த படுக்கையாக மாமனார் இருந்தார். பிறகு முழங்கால்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் சொல்வார். மேகம் காலுக்குக் கீழே போனதை. காட்டெருமைக் கூட்டம் நின்று பார்த்துவிட்டு வழிவிட்டதை. அவள் குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்பாள்.

இன்று வழியெல்லாம் அவர் பேச்சுதான்.

இந்த ஓடையில்தான் மீன் பிடிக்கப் போய்த் தூண்டிலோடு விழுந்தார். இந்த மரத்தடியில்தான் வாத்தியார் காலில் ஏறிய அட்டைக்கு உப்பு இல்லாமல் மூக்குப்பொடியைத் தூவினார். அட்டை விழுந்தது. வாத்தியார் தும்மித் தீர்த்தார்.

சிரித்துச் சிரித்து ஏறினார்கள். நடையில் எப்போதும் அவர் கடைசியில் வருவாராம், யாரும் பின்தங்கிவிடக் கூடாது என்று.

இன்று கடைசியில் அவள்.

பாறை மேலிருந்து தொம்மை எட்டிப் பார்த்தான். அருளப்பனின் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன்.

"மதினி, நீங்க அங்கனயே உக்காருங்க. சாப்பாடு கீழ வரும். இங்க என்ன தெரியுதுன்னு நாங்க வந்து சொல்றோம்."

அவள் நிமிர்ந்தாள்.

"இருவத்தொம்பது வருசம் சொல்லிக் கேட்டாச்சு தொம்மை."

சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். செருப்பைக் கழற்றினாள். பாறையில் கை வைத்தாள். சுட்டது.

ஒரு கை. ஒரு கால். மறு கை.

பாதியில் கால் வழுக்கியது. முழங்கால் பாறையில் மோதியது. மேலே யாரோ "மாதாவே" என்று கத்தினார்கள். ரெஜினா மண்டியிட்டுக் கையை நீட்டினாள்.

அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

வெடிப்பில் விரலை நுழைத்தாள். மூச்சை இழுத்தாள். வயிறு பாறையில் உரச, எழும்பினாள்.

காற்று முகத்தில் அறைந்தது.

அவள் உச்சியில் நின்றாள்.

விசில் பறந்தது. கரண்டியால் அண்டாவைத் தட்டினார்கள். தொம்மை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துச் சுழற்றினான்.

கீழே அவர்களுடைய கோயில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்தது. அவர் இருபத்தாறு வருடம் ஓட்டிய பாதை, மடிந்து மடிந்து, ஒரே பார்வைக்குள் கிடந்தது. அதன் மேல் மேகம் போனது. அவள் காலுக்குக் கீழே.

அவள் அழுவாள் என்று நினைத்து ரெஜினா அருகில் வந்தாள்.

"பாவி மனுசன்" என்றாள் அவள். "பாதிகூடச் சொல்லல."

சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து ரெஜினா பார்த்ததில்லை.

பந்தி நடந்தது. முழங்காலில் ரத்தம் காய, காலை நீட்டி உட்கார்ந்து அவள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

அப்போதுதான் வடக்கே பார்த்தாள். பள்ளத்தாக்குக்கு அப்பால் இன்னொரு மலை. இதைவிட உயரம்.

"தொம்மை, அது என்ன மலை?"

தொம்மை எச்சில் கையோடு எழுந்து வந்தான்.

"பேரு தெரியல மதினி. அங்கன நம்ம ஆளுக யாரும் போனதில்ல. அண்ணனே போனதில்ல."



அவள் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். எழுந்து நின்று கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஞாயித்துக்கெழம யார் யாரு வர்றீங்க?"