பதில் போட்ட ஒருவர்

"கம்ப்யூட்டர்ல வார்ம்னு ஒரு வைரஸ் புகுந்திருக்கு சார். உங்க அட்ரஸ் புக்குல இருக்கிற அத்தனை பேருக்கும் உங்க பேர்லயே மெயில் போயிருக்கு," என்றான் மெக்கானிக்.

"என்னன்னு?"

"'நீ இல்லாம முடியலை. இதைத் திறந்து பாரு'ன்னு."

வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார். "மேனேஜருக்குமா? மானமே போச்சு! முதல்ல அதைத் தொலைச்சுக் கட்டுப்பா."

மெக்கானிக் நெட் வயரைப் பிடுங்கிவிட்டு ஸ்கேனை ஓடவிட்டான்.

"நான் போய் இப்படியெல்லாம் எழுதுவேன்னு எந்த முட்டாள் நம்புவான்?" என்று அவர் உரக்கச் சிரித்தார். உள்ளே காபி கலக்கிக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்றது.

"ஒருத்தர் நம்பிட்டாங்களே சார். வர்ற பதிலை உங்க கண்ணுல படாம இது ஒளிச்சு வச்சிடும். போன மாசம் ஒண்ணு வந்திருக்கு பாருங்க: 'இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். நாளைக்கே வந்துடறேன்.'"

அவர் சிரிப்பு அடங்கியது. விவாகரத்து கேட்டுப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த மனைவி, போன மாதம்தான் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். கேட்டால் திரும்பிப் போய்விடுவாளோ என்ற பயத்தில், ஏன் வந்தாய் என்று அவர் இதுவரை கேட்கவே இல்லை.

காபியோடு வந்தவள் அதை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். பரண்மேலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"சுத்தமா எடுத்தாச்சு சார்," என்றான் மெக்கானிக். "இனிமே உங்க பேர்ல யாருக்கும் எதுவும் போகாது."